எழுபத்து மூன்றாவது கட்டம்

மயிலாத்தாள் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடுகிறவள் பாதியில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் தாண்டியதும் எழுந்து நின்றுகொள்வாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊரில் பேச்சு. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, அவள் காப்பித் தட்டோடு நடந்த வேகத்தைப் பார்த்துப் பயந்துபோய் மூன்று மாதம் பதில் சொல்லவில்லை. நான்காம் மாதம் அவர் பதில் சொன்னபோது இவள் கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நல்லதாகப் போயிற்று என்றுதான் நான் சொல்வேன். அந்த மனிதர் பிழைத்தார்.

வேலந்தாவளத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையோரம் அவள் ஊர். அப்பா சென்னியப்பனுக்கு அந்த வாய்க்காலின் பதினோராம் மடையில் நான்கு ஏக்கர் வயல். மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாசல், மொத்தம் பதினேழு. அதற்கு மேலே கொஞ்சம் மேட்டுநிலம், நிலக்கடலை. மகள் சித்தூர்க் கல்லூரியில் கணக்குப் படித்துத் தேறியதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் கணக்குப் படித்தவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. 1974இல் கஞ்சிக்கோட்டில் மலைநாடு கணக்கீட்டு நிலையம் என்று ஒன்று திறந்து, கம்ப்யூட்டருக்கு ஊட்டும் கணக்கு அட்டைகளில் துளையிடப் பெண்கள் தேவை என்றபோது, போய் வரட்டும், வீட்டில் இருந்தால் சட்டிபானையைத்தான் உருட்டுவாள் என்று அனுப்பி வைத்தார்.

நிலையத்தின் சொந்தக்காரரும் மேனேஜருமான அர்த்தநாரி பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். எங்கோ ஒரு பெரிய கம்பெனி கழித்துவிட்ட கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து, பழைய அரிசி மில் கட்டடத்தில் குளிர்சாதனம் போட்டு நிறுத்தியிருந்தார். மனிதர்கள் வியர்த்து வழிய, மிஷின் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். கணக்கு வேண்டியவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது தொழில். முதல் மூன்று வருஷம் மயிலாத்தாள் மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து எடையை அட்டையில் அடித்தாள். ஓர் அட்டைக்கு எண்பது கட்டம். தோட்டத்து எண், பெண்ணின் எண், காலை எடை, மதிய எடை, மாலை எடை என்று எண்பதும் நிறைந்துவிடும். ஒரு கட்டம்கூட வீணாகாது. அவள் விரல்களுக்கு எண்பது என்பது அப்படியே பழகிப்போயிற்று. எண்பதாவது துளை விழுந்ததும் பார்க்காமலே அடுத்த அட்டைக்குக் கை போகும்.

அதன்பின் அவளுக்குப் புரோகிராம் அடிக்கும் வேலை வந்தது. அங்கேதான் தொல்லை தொடங்கிற்று. நிலையத்தில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நான்கு பேர். நால்வரும் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினார்கள், நால்வரும் நான்கு விதமாக எழுதினார்கள். ஒருவர் எல்லாவற்றையும் இடமே விடாமல் நெருக்குவார். இன்னொருவர் மனம்போல இடம் விடுவார். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடவைக்கும் வரிகளுக்குச் சுற்று என்று பெயர்; எந்தச் சுற்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க விரலை வைத்துக்கொண்டு தேட வேண்டும். சிக்கெடுக்காத தலையைப் பார்த்தால் சிலருக்குக் கை பரபரக்கும் அல்லவா, மயிலாத்தாளுக்கு அந்த வரிகளைப் பார்த்தால் அப்படிப் பரபரத்தது. அடிக்கும்போதே தானாக ஒழுங்குபடுத்தி அடித்தாள். "நான் எழுதினதை எழுதின மாதிரி அடி" என்று திட்டு வாங்கினாள்.

வாங்கிய திட்டை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் டீக்குப் போகும் நேரத்தில், மிஷின் சும்மா நிற்கும் இடைவேளைகளில், ஏழு மாதம் உழைத்து அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். அதன் வேலை மற்ற புரோகிராம்களைத் திருத்தி அழகாக்குவது. அட்டைக்கட்டை ஊட்டிவிட்டு, கன்சோல் டைப்ரைட்டரின் முன்னால் நின்று, இங்கிலீஷ் எழுத்தில் சீர் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, புரோகிராமின் பெயரை அடித்தால் போதும். ஒரே ஒரு வரிக் கட்டளை. மிஷின் கடகடவென்று புதிய அட்டைகளைத் துளையிட்டுத் தள்ளும். சுற்றுக்குள் சுற்று வந்தால் உள்சுற்று நான்கு கட்டம் உள்ளே தள்ளி நிற்கும். அதற்குள் இன்னொன்று வந்தால் இன்னும் நான்கு. சமக்குறிகளுக்கு இருபுறமும் இடம். எண்களெல்லாம் ஏறுவரிசை. யார் எழுதினாலும் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். "இடத்தைத்தானுங்க நகர்த்தும், கணக்கத் தொடாதுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதலில் சிரித்தார்கள். கல்யாணம் ஆகாதவள் கம்ப்யூட்டருக்குச் சீர் செய்கிறாள் என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக, யாரும் பார்க்காதபோது, தங்கள் கட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அர்த்தநாரி அச்சான தாள்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தன நாளா இதுகள எப்புடிப் படிச்சோம்?" என்று கேட்டார். மாசி முதல் தேதியிலிருந்து அவளைப் புரோகிராமராக நிரந்தரம் செய்வதாகவும் சொன்னார். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவள் வாளையாறு வரை பஸ்ஸில் வராமல் பாதித் தூரம் நடந்தே வந்தாள். உட்கார முடியவில்லை.

சீரைத் தொடவிடாத ஒரே ஆள் அனந்தராமன். கல்பாத்திக்காரர், நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு பெண் குழந்தைகள். மற்ற மூவரின் புத்தியும் சேர்ந்து அவர் ஒருவருக்கே இருந்தது. ஆனால் அவர் எழுதும் வரிகள் எல்லாவற்றையும்விடக் கோணல். "என் புரோகிராம் எனக்குப் புரிஞ்சா போறுமாக்கும். அதுக்குப் பவுடர் பூச வேண்டாம், கேட்டியா?" என்பார். அவர் கையில் அப்போது இருந்தது பெரிய ஜோலி. கிழக்குப் பாலக்காட்டு வாய்க்கால் ஒன்றுக்கு, அந்த வருஷம் முதல் தடவையாக, முறைத் தண்ணீர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட ஏற்பாடாகியிருந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அந்த முறைக்குள் பதினேழு மடைகளுக்கும் இத்தனை இத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வழியிலேயே மண் நிறையக் குடித்துவிடும் என்பதால் கடைசி மூன்று மடைகளுக்கு மட்டும் தலா முப்பத்தாறு மணி நேரம் கூடுதல். அது அந்தப் பக்கத்தில் பழைய ஏற்பாடு, யாரும் மறுத்துப் பேசாதது. மயிலாத்தாளின் அப்பா வயல் இருந்தது அதே வாய்க்காலில்தான்.

ஐப்பசியில் அனந்தராமன் வெள்ளோட்டம் பார்த்தார். பட்டியல் சரியாக வந்தது, வாய்க்கால் ஆபீஸிலிருந்து வந்து சரிபார்த்துவிட்டும் போனார்கள். மாதக் கடைசியில் அவர் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு லீவு போட்டார். அவர் மேஜைமேல் அந்த அட்டைக்கட்டு இருந்தது. மயிலாத்தாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். முதல் நாள் முழுக்கத் தாண்டினாள். இரண்டாம் நாள் எடுத்து ஊட்டி, சீர் என்று அடித்தாள்.

பழைய பட்டியலோடு புதியதை ஒருதரம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இடத்தைத்தானே நகர்த்தினோம் என்று இருந்துவிட்டாள். நிலையத்தில் இருந்த எல்லாருக்கும், அவளுக்கும் சேர்த்து, அந்த ஒரு வாக்கியம் வேதவாக்காகிவிட்டது.

லீவு முடிந்து வந்த அனந்தராமன் புதிய தாளை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யார் பண்ணினா இதை?"

"நான்தானுங்க சார். கேக்காமப் பண்ணிப்போட்டேன்."

திட்டு விழும் என்று நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நன்னாத்தான் இருக்கு" என்றார். "நாலு சுத்து இருக்குன்னு எனக்கே இப்பத்தான் கண்ணுல படறது. சரி, இது இருக்கட்டும்." பழைய கட்டை அவரே எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டார். அந்தப் பாராட்டை மயிலாத்தாள் ஒரு மாதம் மனசுக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்து பொங்கலும் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைமடையிலிருந்து ஐந்து பேர் நிலையத்துக்கு வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் செல்லாத்தாள். ஐம்பது வயது, பதினேழாம் மடையில் மூன்று ஏக்கர், ஒண்டிக்காரி. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு கொத்து நெற்பயிர். அதை அர்த்தநாரியின் மேஜைமேல் வைத்தார். மண் உதிர்ந்து தாள்களின் மேல் விழுந்தது.

"பாருங்க. பால் புடிக்கற பருவம். நசுக்கிப் பாருங்க, ஏதாச்சும் வருதான்னு. போன வருசம் வரைக்கும் ரெண்டு பகலு ரெண்டு ராத்திரி ஓடுன தண்ணி, இப்ப ஒரு நாள் முழுசா ஓடறதில்ல. கேட்டா, கம்ப்யூட்டரு சொல்லிப்போட்டுதுங்கறான் மடை தொறந்து உடற லஸ்கரு. ஏனுங்க, உங்க கம்ப்யூட்டருக்கு வவுறு இருக்குதா?"

வாய்க்கால் ஆபீஸுக்கும் பராதி கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அர்த்தநாரி உடனே பட்டியலை மறுபடி ஓட்டச் சொன்னார். அதே முடிவு. கடைசி மூன்று மடைகளுக்குக் கூடுதல் முப்பத்தாறு மணிக்குப் பதில் மூன்றே மணி. மிச்சம் மேலே இருக்கும் பதினான்கு மடைகளுக்கும் முறைக்கு ஆறு மணி நேரம் வீதம் போயிருந்தது. புரோகிராமின் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தார்கள். அதில் தெளிவாக முப்பத்தாறு என்றுதான் இருந்தது. அனந்தராமன் பார்த்தார், மற்ற மூவரும் பார்த்தார்கள். முப்பத்தாறு. மிஷின் மட்டும் மூன்று என்றே கணக்குப் போட்டது.

அர்த்தநாரிக்குப் புரோகிராம் தெரியாது, மனிதர்களைத் தெரியும் என்று நினைப்பு. "வெள்ளோட்டத்துல சரியா வந்துச்சு. ஆபீஸ்காரங்க பாத்துட்டுப் போனதுக்கப்புறம் தப்பா வருது. கண்ணுக்கு முப்பத்தாறுன்னு காட்டிப்போட்டு உள்ள வேற எங்கியோ கைய வெச்சிருக்குது. மேல்மடைக்காரங்க யாராச்சும் வந்து உங்களக் கவனிச்சாங்களா, சாமி?" என்று அனந்தராமனைக் கேட்டார். எல்லார் முன்னாலும், செல்லாத்தாள் நிற்கும்போதே கேட்டார்.

அனந்தராமனின் முகம் வெளுத்தது. "நான் அப்படிப்பட்டவனா?" என்றார். 

"திங்கக்கெழம பத்து மணிக்குள்ள எங்கேன்னு காட்டுங்க. இல்லீன்னா லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. ஆபீஸுக்கு நான் ஒரு பேரச் சொல்லியாகோணும்."

மயிலாத்தாளுக்கு அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. தண்ணீர்க்குடத்துக்கும் பஞ்ச் மிஷினுக்கும் நடுவே நடந்து தரையைத் தேய்த்தாள். அனந்தராமன் மேஜைமேல் குனிந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் தன் புத்தியில் தப்பைத் தேடினார். கூட்டல் சரியா, பங்கு சரியா, சுற்று சரியான இடத்தில் முடிகிறதா என்று. அவர் புத்தியில் ஒரு தப்பும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது அவள் அந்தக் கட்டைக் கையில் எடுத்தாள். படிப்பதற்கென்று எடுக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, சீட்டுக்கட்டைப்போல விசிறி விசிறி மடித்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ விசிறியபோது ஓர் அட்டையில் துளைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போயிருந்தது கண்ணில் பட்டது. அதை உருவி, பஞ்ச் மிஷினில் செருகி, கட்டை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளினாள். கட்டத்தைக் காட்டும் சின்ன முள் எழுபத்திரண்டில் நின்றபோது அட்டையில் 3 இருந்தது. எழுபத்து மூன்றில் 6 இருந்தது.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஃபோர்ட்ரான் அட்டையில் எண்பது கட்டம் இருந்தாலும் கம்ப்யூட்டர் வாசிப்பது எழுபத்திரண்டு வரைக்கும்தான். மிச்ச எட்டும் அட்டைக்கு வரிசை எண் போட்டுக்கொள்ள விட்ட இடம். அங்கே எது இருந்தாலும் மிஷின் திரும்பிப் பார்க்காது. ஆனால் அச்சடிக்கும்போது எண்பதும் தாளில் விழும். அதனால் மனிதக் கண்ணுக்கு முப்பத்தாறு, மிஷினுக்கு மூன்று. அனந்தராமன் எழுதியபோது அந்த வரி அறுபதுக்குள் அடங்கியிருந்தது. நான்கு சுற்றுக்குள் இருந்த அதைச் சீர், தன் வழக்கப்படி, பதினாறு கட்டம் உள்ளே தள்ளிவிட்டது.

வரி நீண்டால் வெட்டி அடுத்த அட்டைக்குக் கொண்டுபோகச் சீருக்கு அவள் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். எத்தனைக்கு மேல் நீண்டால் என்ற இடத்தில் எழுபத்திரண்டு என்று போட வேண்டியவள் எண்பது என்று போட்டிருந்தாள். எழுபத்திரண்டு அவளுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மூன்று வருஷம் கொழுந்து எடை அடித்த விரல்கள் எண்பது என்று அடித்துவிட்டுப் போய்விட்டன, அவளும் கவனிக்கவில்லை. இத்தனை நாள் வேறு எந்தப் புரோகிராமும் நான்கு சுற்று ஆழம் போகாததால் அது வெளியே வரவும் இல்லை.

அவள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  இப்போது போய்ச் சொன்னால் அனந்தராமன் தப்பித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் கதி? மேல்மடைக்கெல்லாம் தண்ணீர் கூடியிருக்கிறது. பதினோராம் மடை அவள் அப்பாவுடையது. கேட்காமல், ஆள் லீவில் இருந்த நாளாகப் பார்த்து, அவர் கட்டை எடுத்து மாற்றியவள் அவள். இதைக் கேட்டால் யார்தான் விரல் தவறியது என்று நம்புவார்கள்?

வெள்ளிக்கிழமை அவள் அந்த வரியை இரண்டு அட்டையாகப் பிரித்து அடித்து, யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. அந்த இரண்டு அட்டைகளையும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பழையதைக் கட்டிலேயே திருப்பி வைத்தாள். ஏன் திருப்பி வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அப்போதுதான் அனந்தராமன் கூப்பிட்டார்.

"மயிலு, எனக்குக் கண்ணெல்லாம் பூத்துப் போயிடுத்து. நீ ஒருதரம் பாரேன். உனக்கு அட்டை நன்னாத் தெரியும். ஏதாவது தட்டுப்படறதா?"

"பாத்தனுங்க சார். ஒண்ணும் தெரியலீங்க."

"சரி" என்றார். "எங்காத்துல அவ ரெண்டு நாளா என்னோட பேசலை. யாரோ போய்ச் சொல்லியிருக்கா. பேசலைன்னா பரவாயில்லை. நிஜமான்னு ஒரு தரம் கேட்டா பாரு, அதுதான்..." முடிக்காமல் மறுபடி குனிந்துகொண்டார்.

அவள் வெளியே வந்து மில் முற்றத்தை ஆறு சுற்றுச் சுற்றினாள். ஏழாவது சுற்றில் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வயலுக்குப் போனாள். பயிர் தளதளவென்று நின்றது. கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது. வரப்பில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சென்னியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மொத முறையிலயே தெரிஞ்சுது எனக்கு" என்றார்.

"என்னங்கப்பா?"

"ஆறு மணி நேரம் கூட ஓடுச்சு. நான் மடையில உக்காந்து பாக்கறவனில்லையா, தெரியாம போகுமா? வந்த தண்ணிய யாரு வேண்டாம்பா? எல்லா மடைக்காரனுக்கும் தெரியும். எவனும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல."

"செல்லாத்தாக்கா வயலு பொக்காப் போச்சுங்கப்பா."

"போச்சு. நான் என்ன பண்ணட்டும்? சாமி, நீ போயிச் சொன்னீனா என்ன பேசுவாங்க தெரியுமா? சென்னியப்பன் மகளப் படிக்க வெச்சதே தண்ணி திருடறதுக்குத்தான்னு பேசுவாங்க. நான் அந்த வாய்க்கா மேட்டுல நடக்கோணும் கண்ணு. உனக்கும் ஒரு எடம் பாத்து முடிக்கோணும். அந்த ஐயமாரு படிச்சவரு, வேற ஜோலி கெடைக்கும். கம்முனு இரு."

கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்பா கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அவருக்கு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே நிலையத்துக்கு வந்துவிட்டாள். ஒன்பதரைக்குச் செல்லாத்தாள் இரண்டு பேரோடு வந்து அர்த்தநாரியின் அறையில் பெஞ்சில் உட்கார்ந்தார். பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது அனந்தராமன் வந்தார். சட்டைப் பையில் நீளமான உறை எட்டிப் பார்த்தது. யாரையும் பார்க்காமல் அறைக்குள் போனார். மயிலாத்தாளின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் போயின.

அவர் உறையை மேஜைமேல் வைக்குமுன் அவள் அட்டைகளை வைத்தாள். காலையில் அட்டைக்கட்டிலிருந்து உருவிய பழைய அட்டை ஒன்று, புதியது இரண்டு.

"சார் மேல தப்பில்லீங்க. சீர்தானுங்க வரியத் தள்ளிப்போட்டுது. ஒரு எழுத்து வெளிய போயிருச்சு. சீர எழுதுனவ நானு. சாரக் கேக்காம அவரு கட்ட எடுத்து ஓட்டுனவளும் நான்தானுங்க."

எழுபத்திரண்டையும் எழுபத்து மூன்றையும் அர்த்தநாரிக்குப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. புதிய அட்டைகளைப் போட்டு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினாள். கடைசி மூன்று மடைக்கும் முப்பத்தாறு வந்தது. செல்லாத்தாள் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நீ யாரு ஊட்டுப் புள்ள?"

"சென்னியப்பன் மகளுங்க. பதினோராம் மடை."

"அதான பாத்தேன்" என்றார் செல்லாத்தாள்.

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. நான் இல்லீன்னு எத்தன தடவ சொன்னாலும் நீங்க நம்ப வேண்டியதில்லீங்க. ஆனா சார் ஒண்ணும் பண்ணலீங்க. அத மட்டும் வெளிய போயிச் சொல்லுங்க."

அர்த்தநாரி என்னென்னவோ கத்தினார். மாசி முதல் தேதி நிரந்தரம் கிடையாது, இனி அவள் கொழுந்து அட்டைதான் அடிக்க வேண்டும், சீரை யாரும் தொடக்கூடாது என்று ஆணை போட்டார். அதெல்லாம் அவள் காதில் விழுந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அனந்தராமனை. அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சிரிப்பாராவது என்று நினைத்திருந்தாள்.

அவர் உறையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். "எப்போ கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"வியாழக்கெழமைங்க சார்."

"வியாழக்கிழமை." விரல்விட்டு எண்ணினார். "வெள்ளிக்கிழமை நான் உன்னைக் கேட்டேனே, மயிலு."

"பொய் சொன்னனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கிலும் வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த முறையில் மேல்மடைகள் ஒவ்வொன்றும் இரண்டு முறையில் கூடுதலாக வாங்கிய பன்னிரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தன. சென்னியப்பன் தன் மடையைத் தானே அடைத்தார். அறுவடை வரைக்கும் மகளோடு பேச்சு கிடையாது. செல்லாத்தாள் வயலில் பாதிதான் தேறியது. பருவம் தப்பிப்போன பயிருக்கு அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டு என்ன? வாய்க்கால் மேட்டில் என்ன பேசினார்கள் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. சென்னியப்பன் சொன்னதுதான் நடந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் பல நாள் காலியாகவே வந்தது.

சித்திரையில் அர்த்தநாரி தன் ஆணையைத் தானே மறந்தார். கோணல் புரோகிராம்களைப் படித்துக் கண்வலி வந்தவர்கள் மூவரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். "அந்தப் புள்ளையவே சரி பண்ணச் சொல்லுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். மயிலாத்தாள் எண்பதை எழுபத்திரண்டாக்கினாள். அது ஒரே ஓர் அட்டை, அரை நிமிஷ வேலை. அதோடு விடவில்லை. எந்த வரி நீண்டாலும் இனிச் சீர் தானாக வெட்டாது. நின்றுவிடும், அட்டையின் எண்ணைக் கன்சோலில் அடித்துக் காட்டும், மனிதர் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும். ஓட்டியபின் பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடிக்கவும் வைத்தாள். இது அடிக்கடி நின்று தொல்லை கொடுக்கிறது என்று மூவரும் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் அனந்தராமன் புதிய கட்டோடு கன்சோல் பக்கம் வந்தார். தோட்டம் ஒன்றின் மழைக்கணக்கு. அவள் எழுந்து இடம் விட்டாள். அவரே ஒற்றை விரலால் சீர் என்று அடித்து, இடம் விட்டு, பெயரை அடித்தார். புது அட்டைகள் வந்து விழுந்தன. அவர் அவற்றை எடுத்துக்கொண்டு பஞ்ச் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் அட்டையாகச் செருகி, முள் எங்கே நிற்கிறது என்று எண்ணத் தொடங்கினார். இருநூற்றுச் சொச்சம் அட்டை.

மயிலாத்தாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இப்ப அது சரியா நிக்குதுங்க சார். நான் ஆயிரம் தடவ பாத்துட்டனுங்க."

"தெரியும்" என்றார் அவர், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் சீரை நான் சந்தேகப்படலை. எண்ணாம விட்டா எனக்கு அந்த வியாழக்கிழமைலேர்ந்து நாலு நாளும் ஞாபகம் வரது, மயிலு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

 அவர் எண்ணி முடித்த அட்டையை வாங்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள்.